மினிட் நோட்டும் குடைத்தாங்கியும்: கிளாஸ்கோவில் ஐந்து நாள்

முதல் நாள், செவ்வாய்

மகள் வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. கிளாஸ்கோ நகரின் கிழக்குப் பக்கம், டெனிஸ்டவுன் என்ற பகுதி. பேரனைப் பள்ளியில் விடுவது, திரும்பக் கூட்டிவருவது, இடையில் ஜன்னல் வழியாக மழையைப் பார்ப்பது என்று நாள் போய்க்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது மகள் சொன்னாள்: "நீ முப்பது வருஷம் லைப்ரரியில இருந்தவ. இங்க பெண்களோட வரலாற்றுக்குன்னே ஒரு லைப்ரரி இருக்கும்மா. நடந்தே போயிரலாம்."

நான் திருநெல்வேலி மாவட்டத்துக் கிளை நூலகங்களில் வேலை பார்த்தவள். மூன்றாம் நிலை நூலகராகச் சேர்ந்து, ஐந்து ஊர் மாறி, ஓய்வு பெற்று நான்கு வருடம் ஆகிறது. எந்த ஊருக்குப் போனாலும் முதலில் கோயில், அடுத்து நூலகம் என்பது என் வழக்கம். மூன்று வாரம் பொறுத்ததே அதிகம்.

இன்று காலை பேரனை விட்டதும் கிளம்பிவிட்டேன். அரை மணி நேர நடை. பிரிட்ஜ்டன் முக்கில் வார்ப்பிரும்பில் ஒரு பெரிய மண்டபம் நிற்கிறது. 1875இல் நட்டது. ஊர்க்காரர்கள் அதைக் 'குடை' என்றுதான் சொல்கிறார்கள். அதைத் தாண்டித் திரும்பினால் லாண்ட்ரெஸி தெரு. அங்கேதான் கிளாஸ்கோ பெண்கள் நூலகம்.

கட்டடம் 1906இல் பொது நூலகமாகத் திறக்கப்பட்டது. அமெரிக்காவில் எஃகுத் தொழிலில் பணம் சேர்த்த ஆண்ட்ரூ கார்னகி 1901இல் இந்த நகரத்துக்குக் கிளை நூலகங்கள் கட்டிக்கொள்ள ஒரு லட்சம் பவுண்டு கொடுத்தார். அந்தப் பணத்தில் எழுந்தவற்றில் இது ஒன்று. வரைந்தவர் ஜேம்ஸ் ரைண்ட் என்ற கட்டடக் கலைஞர். மகள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற டெனிஸ்டவுன் நூலகமும் அவர் கைவேலைதான். அந்தக் காலத்துக் கார்னகி நூலகங்கள் பலவற்றில் பெண்களுக்கென்று ஒரு தனி வாசிப்பு அறை ஒதுக்கியிருப்பார்கள். அப்படிப்பட்ட காலத்துக் கட்டடம் ஒன்று இன்று முழுசாகப் பெண்கள் பொறுப்பில் இருக்கிறது. வாசலில் நின்று அதை நினைத்தபோது ரொம்ப சந்தோஷமாக இருந்தது.

உள்ளே போனதும் கையெழுத்துப் போடச் சொல்லவில்லை, பையை வெளியே வை என்று சொல்லவில்லை. "டீ குடிக்கிறீர்களா?" என்று கேட்டார் அங்கே இருந்த தன்னார்வலர். நான் வேலை பார்த்த காலத்தில் ஒரு வாசகருக்குக்கூட டீ கொடுத்ததில்லை. குடித்துக்கொண்டே பேசினோம். என் ஆங்கிலம் புத்தக ஆங்கிலம். அவருடையது கிளாஸ்கோ ஆங்கிலம். இரண்டு பேரும் மெதுவாகப் பேசினால் சரியாகத்தான் போனது.

கதை 1987இல் தொடங்குகிறது. 1990ஆம் ஆண்டுக்கு ஐரோப்பாவின் பண்பாட்டு நகரமாக கிளாஸ்கோவைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். கப்பல் கட்டும் தொழில் நசிந்துபோன ஊருக்கு அது பெரிய கௌரவம். அந்த விழாவில் பெண்களின் பங்கு விட்டுப்போய்விடக் கூடாது என்று சில பெண்கள் சேர்ந்து ஒரு குழு அமைத்தார்கள். கண்காட்சி, கூட்டம், பட்டறை என்று நடத்த நடத்த, கையில் காகிதமும் படமும் சேர்ந்துகொண்டே போனது. விழா முடிந்தது. சேர்ந்ததை எங்கே வைப்பது? அதற்கு விடையாகத்தான் 1991இல் கார்னெட்ஹில் பகுதியில் ஒரு சின்ன இடத்தில் நூலகம் பிறந்தது. ஆரம்பத்தில் யாருக்கும் சம்பளம் கிடையாது. 1994இல் நகர நடுவில் வேறு இடம், பிறகு மிட்செல் நூலகக் கட்டடம், 2013இல் இந்த பிரிட்ஜ்டன். சட்டிபானையோடு வாடகை வீடு மாறுவது மாதிரி மாறியிருக்கிறார்கள்.

இங்கே உறுப்பினராகப் பணம் வாங்குவதில்லை. ஆண்களும் வந்து படிக்கலாம். அப்புறம், அநேகமாக எல்லாப் புத்தகமும் யாரோ ஒருவர் வீட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது. அடுக்குகளில் சிறிய பெயர்கள் ஒட்டியிருக்கின்றன. பணம் கொடுத்து ஒரு புத்தகத்தையோ ஒரு தட்டையோ தனக்குப் பிடித்த ஒரு பெண்ணின் பெயரில் அர்ப்பணிக்கலாம். நம் ஊரில் ஆயிரம் ரூபாய் கட்டினால் நூலகப் புரவலர் என்று பெயர்ப் பலகையில் ஏற்றுவோமே, அது நினைவுக்கு வந்தது. நம் பலகைகளில் பணம் கட்டியவர் பெயர் இருக்கும். இங்கே பாட்டி பெயரும், டீச்சர் பெயரும், தோழி பெயரும் இருக்கின்றன.

ஆவணங்களைப் பார்க்க முன்கூட்டியே சொல்ல வேண்டும். நாளைக்கு இடம் கிடைத்துவிட்டது.

இரண்டாம் நாள், புதன்

இன்று எழுத நிறைய இருக்கிறது. ஒன்றை எழுதுவதற்கு மனசு கூசவும் செய்கிறது. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

ஆவணம் பார்க்கும் இடத்தில் பேனா கூடாது, பென்சில்தான். நல்ல வழக்கம். பெரிய மேஜை. சாம்பல் நிற அட்டைப் பெட்டிகள் ஒவ்வொன்றாக வந்தன.

முதலில் நான் பார்க்க ஆசைப்பட்டது ஒரு குடைத்தாங்கி. வீட்டு வாசலில் நனைந்த குடையைச் செருகி வைப்பதற்கான இரும்புச் சாமான். இது டியூக் தெருச் சிறையில் இருந்தது. ஓட்டுரிமை கேட்டுச் சிறைக்குப் போன பெண்கள் அதற்கு ஊதா, வெள்ளை, பச்சை என்று தங்கள் இயக்கத்தின் மூன்று நிறத்தையும் பூசிவிட்டார்கள். 1908இலிருந்து அந்த மூன்று நிறமும் அவர்கள் கொடி. ஊதா கௌரவத்துக்கு, வெள்ளை தூய்மைக்கு, பச்சை நம்பிக்கைக்கு. சிறைக்குள் கொடி பிடிக்க முடியாது. குடைத்தாங்கிக்குப் பெயிண்ட் அடிக்க முடியும்! அந்தச் சிறை இப்போது இல்லை. 1950களிலேயே இடித்துவிட்டார்கள். குடைத்தாங்கி இருக்கிறது.

பேட்ஜுகள் ஒரு பெட்டி நிறைய. 1972இல் லண்டனில் தொடங்கிய 'ஸ்பேர் ரிப்' பத்திரிகையின் இதழ்கள். லண்டனில் 1984இல் தொடங்கி, இடமில்லாமல் 1995இல் இங்கே வந்து சேர்ந்த தன்பாலீர்ப்புப் பெண்களின் ஆவணக் காப்பகம் ஒன்று முழுசாக இருக்கிறது. தனியாக ஒரு வாரம் உட்கார வேண்டிய சேகரிப்பு அது. நான் மேலோட்டமாகத்தான் பார்த்தேன்.

நான் அசையாமல் உட்கார்ந்தது பின்னல் மாதிரித் தாள்கள் பெட்டியில். கம்பளி நூலில் ஸ்வெட்டர் பின்ன, எத்தனை கண்ணி எடுக்க வேண்டும், எங்கே குறைக்க வேண்டும் என்று அச்சடித்த நான்கு பக்கத் துண்டுத்தாள்கள். கடையில் சில காசுக்கு விற்றவை. மேலே சிரித்த முகத்தோடு ஒரு குழந்தையின் படம். ஒரு தாளில் ஓரத்தில் பென்சிலால் எண்கள் எழுதி அடித்திருந்தது. கைக்கான அளவை யாரோ குறைத்துக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். மடிப்பு நைந்து, பின்பக்கம் பழைய டேப் ஒட்டி அது பழுப்பேறியிருந்தது. ஒரே தாளை எத்தனை குழந்தைக்கு விரித்துப் பார்த்திருப்பாளோ! அவள் பெயர் தெரியாது. கைக்கணக்கு மட்டும் இருக்கிறது.

"இதையெல்லாம் யார் கொண்டுவந்து கொடுப்பார்கள்?" என்று கேட்டேன். "அம்மா இறந்த பிறகு பீரோவை ஒழிக்கிறவர்கள்தான்" என்றார் அங்கே இருந்தவர். "இது உங்களுக்கு வேண்டாம்தானே, குப்பைதானே என்று சொல்லிக்கொண்டேதான் பையை நீட்டுவார்கள். நாங்கள் முதலில் உட்காரச் சொல்வோம். யாருடையது, எப்போது பயன்படுத்தியது என்று கேட்டு எழுதிக்கொள்வோம். எண் போடுவதெல்லாம் அப்புறம்."

எனக்கு உடனே 1994 ஞாபகம் வந்துவிட்டது.

அப்போது நான் இருந்த கிளை நூலகத்துக்கு ஒரு மத்தியானம் வடக்குத் தெரு ஆச்சி ஒருத்தி வந்தாள். மஞ்சள் பையில் நான்கு நீள நோட்டு. அவளுடைய நாத்தனார் ஊர் மாதர் சங்கத்தில் காரியதரிசியாக இருந்தவர். அந்தச் சங்கத்தின் கூட்ட நடவடிக்கைகளை எழுதிவைத்த மினிட் நோட்டுகள். நாத்தனார் தவறிவிட்டார், வீட்டில் வைக்க இடமில்லை, "நீ புத்தகக்காரி, வச்சுக்கோம்மா" என்றாள்.

ஒரு நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். தையல் மிஷின் பெல்ட் வாங்கிய வகையில் செலவு. பால்வாடிக் குழந்தைகளுக்குத் தட்டு வாங்கத் தீர்மானம். கீழே வந்திருந்தவர்களின் வரிசை. முதல் பக்கங்களில் முக்கால்வாசி கைநாட்டு, ஊதா மை. தள்ளிப் புரட்டினால் கைநாட்டு இருந்த இடங்களில் எழுத்துக்கூட்டிப் போட்ட கையெழுத்து. 'மு. பேச்சியம்மாள்' மாதிரி ஏதோ ஒரு பெயரில் 'ள்' மேலே ஏறிப் போயிருந்தது. சங்கத்தில் முதியோர் வகுப்பு நடந்திருக்க வேண்டும். ஒரு ஊரின் பெண்கள் எழுதக் கற்றுக்கொண்டது அந்த நோட்டில் மாதாமாதம் பதிவாகியிருந்தது. நான் அதைப் பார்த்தேன். பார்த்தும், "ஆச்சி, இங்க அச்சடிச்ச புத்தகம்தான் சேர்க்க முடியும், இதுக்கு அக்சஷன் ரிஜிஸ்டர்ல இடமில்ல" என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். விலை, பதிப்பகம், ஆண்டு என்று கட்டம் போட்ட ரிஜிஸ்டர் அது. அந்த நோட்டுகளுக்கு மூன்றுமே இல்லை. விதிப்படி நான் செய்தது சரி. ஆச்சி ஒன்றும் சொல்லாமல் பையை மடித்துக்கொண்டு வெயிலில் போனாள்.

இந்த நூலகமே அப்படித் திரும்பிப் போயிருக்க வேண்டிய பைகளால் ஆனது. 2015இல் ஸ்காட்லாந்து அரசின் அங்கீகாரத் திட்டத்தின்கீழ் முறையாக இதைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த சேகரிப்பு என்று அங்கீகரித்திருக்கிறார்கள். அதில் பின்னல் தாளும் உண்டு.

மூன்றாம் நாள், வியாழன்

நல்ல மழை. நூலகத்தில் இருப்பவர்கள் நகரத்தில் பெண்கள் வாழ்ந்த, போராடிய இடங்களை நடந்து காட்டுகிற வழித்தடங்கள் சில உருவாக்கியிருக்கிறார்கள். கிழக்குப் பகுதிக்கும் ஒன்று உண்டு. தன்னார்வலர்களே தோண்டித் துருவி எடுத்த செய்திகள். நான் தனியாகக் குடையோடு கொஞ்ச தூரம் போனேன்.

கிளாஸ்கோ கிரீன் என்ற பெரிய புல்வெளியின் ஓரத்தில் டெம்பிள்டன் கம்பள ஆலை நிற்கிறது. வெனிஸ் நகரத்து அரண்மனையைப் பார்த்து வில்லியம் லைப்பர் வரைந்த முகப்பு. சிவப்பு, மஞ்சள், நீலம் என்று வண்ணச் செங்கல்லும் ஓடும். புல்வெளியைப் பார்த்த மாதிரி ஆலை அழகில்லாமல் இருக்கக் கூடாது என்று நகராட்சி பலமுறை வரைபடத்தைத் திருப்பி அனுப்பிய பிறகு வந்த வடிவம் என்கிறார்கள். சுற்றுலாக்காரர்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நானும் எடுத்தேன்.

1889 நவம்பர் 1ஆம் தேதி, கட்டி முடியாத இந்த முகப்புச் சுவர் பலத்த காற்றில் சரிந்து, பின்னாலிருந்த நெசவுக் கொட்டகைகள் மேல் விழுந்தது. 29 பெண்கள் செத்துப்போனார்கள். பலர் சின்ன வயசுக்காரிகள். சுவரைப் பழைய கட்டடத்தோடு சரியாகப் பிணைக்கவில்லை. பிறகு கட்டி முடித்துவிட்டார்கள். இன்று உள்ளே குடியிருப்புகள் இருக்கின்றன.

என் அம்மா கடைசிவரை பீடி சுற்றியவள். எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு முறம் இருக்கும். இலை, தூள், நூல் எவ்வளவு வாங்கியது, ஆயிரத்துக்கு எவ்வளவு என்று கம்பெனி பாஸ்புக்கில் வாராவாரம் எழுதுவார்கள். வீடு இடித்துக் கட்டும்போது அந்தப் பாஸ்புக்குகள் எல்லாம் பழைய பேப்பர்காரனிடம் கிலோக்கணக்கில் போயின. மழையில் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றபோது அதுதான் ஓடியது மனசில்.

சாயங்காலம் டியூக் தெரு வழியாகத் திரும்பினேன். தினம் பால் வாங்கப் போகிற தெரு. அதன் மேற்குக் கோடியில்தான் அந்தச் சிறை இருந்தது. இப்போது அடுக்குமாடி வீடுகள். பால்கனியில் துணி காய்கிறது.

நான்காம் நாள், வெள்ளி

இன்று மகள் லீவு போட்டு கூட வந்தாள். சுரங்க ரயில் ஏறி கவன் போனோம். ஆங்கில எழுத்தைப் பார்த்தால் 'கோவன்' என்றுதான் வாசிப்போம். ஊர்க்காரர்கள் வாயில் 'கவன்'. கிளாஸ்கோவின் சுரங்க ரயில் 1896இல் தொடங்கியது. ஒரே ஒரு வட்டம்தான், அதில் ஒரு ரயில் வலமாகவும் இன்னொன்று இடமாகவும் சுற்றும். வழி தவறினாலும் உட்கார்ந்தே இருந்தால் திரும்ப வந்துவிடலாம் என்றாள் மகள்.

நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் மேரி பார்பர் சிலை. 2018 மார்ச் 8ஆம் தேதி திறந்தது, மக்களிடம் நிதி திரட்டி வைத்தது. ஒற்றை ஆளாக மேடைமேல் நிற்கிற சிலை இல்லை. முன்னால் அந்த அம்மா கையை நீட்டி நடக்கிறார், பின்னால் ஒரு வரிசையே வருகிறது. பெண்கள், பிள்ளைகள், தொழிலாளிகள். தரை மட்டத்தில் இருப்பதால் நாமும் அந்த வரிசையில் சேர்ந்து நிற்கலாம்.

மேரி பார்பர் 1875இல் கில்பார்க்கன் என்ற நெசவாளர் ஊரில் பிறந்தவர். அப்பா கம்பள நெசவாளி. கல்யாணமாகி கவனுக்கு வந்தார். 1915, முதல் உலகப் போர் நேரம். ஆயுதத் தொழிற்சாலைகளுக்கும் கப்பல் துறைக்கும் ஆள் வந்து குவிய, வீட்டுக்காரர்கள் வாடகையை ஏற்றினார்கள். புருஷன் போர்முனையில் இருக்கும் வீடுகளுக்கும் ஏற்றினார்கள். பெண்கள், கூடுதல் வாடகையைக் கொடுக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். ஜன்னலில் ஒட்டிய அச்சுத்தாள்: "வாடகை வேலைநிறுத்தம். நாங்கள் காலி செய்ய மாட்டோம்."

எப்படி நடத்தினார்கள் என்பதைக் கேட்டபோது எனக்கு எங்கள் ஊர் வளவு கண்முன் வந்தது. கிளாஸ்கோவின் பழைய குடியிருப்புகளில் நான்கு மாடி வீடுகளுக்கு ஒரே பொதுப் படிக்கட்டு. சமையல்கட்டு ஜன்னல்கள் எல்லாம் பின்கட்டைப் பார்த்து இருக்கும். ஒரு வளவில் யார் வீட்டில் என்ன குழம்பு என்று எல்லாருக்கும் தெரியுமே, அந்த மாதிரி. வீட்டைக் காலி செய்யவைக்க அமீனா வருகிறான் என்று தெரிந்தால் ஒருத்தி மணி அடிப்பாள். கைவேலையை அப்படியே போட்டுவிட்டு எல்லாரும் படிக்கட்டில் வந்து அடைத்துக்கொண்டு நிற்பார்கள். கையில் மாவு இருந்தால் மாவாலேயே அடி. பகலில் ஆண்கள் வேலைக்குப் போய்விடுவார்கள், அமீனா வருவதும் பகலில்தான். ஆகவே இது பெண்கள் நடத்திய போராட்டம். 'திருமதி பார்பரின் படை' என்று பெயரே வந்துவிட்டது. வேலைநிறுத்தம் பரவி, 20,000க்கு மேற்பட்ட குடும்பங்கள் சேர்ந்தன. 1915 நவம்பர் 17ஆம் தேதி பதினெட்டுப் பேரை நீதிமன்றத்துக்கு இழுத்தபோது கப்பல் துறைத் தொழிலாளர்களும் வேலையை விட்டு ஊர்வலமாக வந்துவிட்டார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் வாடகையைப் போருக்கு முந்தைய அளவில் நிறுத்திவைக்கும் சட்டம் நாடு முழுவதற்கும் வந்தது.

பிறகு 1920இல் மேரி பார்பர் நகரமன்ற உறுப்பினர் ஆனார். 1925இல் பெண்களுக்குக் கருத்தடை ஆலோசனை தரும் மருத்துவ நிலையம் ஒன்றைத் தொடங்க முன்னின்றார். இறந்தது 1958. சிலை வைக்க அறுபது வருடம்.

கொஞ்சம் நடந்தால் எல்டர் பூங்கா. அங்கே இசபெல்லா எல்டர் அம்மையார் உட்கார்ந்திருக்கிறார், பட்டமளிப்பு அங்கியோடு. கப்பல் கட்டும் முதலாளியின் மனைவி. கணவர் 1869இல் இறந்த பிறகு பல மாதம் பட்டறையைத் தானே நடத்தினார். பணத்தை ஊருக்குத்தான் செலவழித்தார். பூங்கா, நூலகம், பெண்கள் படிக்க குவீன் மார்கரெட் கல்லூரிக்கு ஒரு மாளிகை, அங்கே மருத்துவம் படிக்க நிதி. அதில் படித்த மரியன் கில்கிறிஸ்ட் 1894இல் மருத்துவப் பட்டம் வாங்கினார். ஸ்காட்லாந்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் மருத்துவப் பட்டம் பெற்ற முதல் பெண். சிலை 1906இல் கவன் மக்கள் சந்தா போட்டு வைத்தது.

பணக்கார அம்மாவுக்கு உடனே சிலை, தறிக்காரர் மகளுக்கு அறுபது வருடம் கழித்து என்றாள் மகள். உண்மைதான். ஆனால் இரண்டுக்கும் காசு போட்டது சாதாரண ஜனங்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்றேன்.

திரும்பும் வழியில் கெல்வின்குரோவ் பூங்காவில் ஒரு ஓக் மரம். பெண்களுக்கு முதல்முறை ஓட்டுரிமை கிடைத்த 1918இல், ஏப்ரல் 20ஆம் தேதி ஓட்டுரிமைச் சங்கங்கள் நட்டது. பெண்கள் நூலகம் பரிந்துரைத்து 2015இல் ஸ்காட்லாந்தின் சிறந்த மரம் என்ற விருது வாங்கியது. 2017 புயலில் கிளைகள் முறிந்தும் மரம் நிற்கிறது. மகள் அடிமரத்தில் கை வைத்துப் பார்த்தாள். நானும்.

ஐந்தாம் நாள், சனி

காலையில் எழுந்ததும் ஒரு காரியம் செய்தேன். ஊரில் இன்னும் நூலகத்தில் வேலையில் இருக்கும் தம்பி ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினேன். வடக்குத் தெரு ஆச்சி வீடு இப்போது யாரிடம் இருக்கிறது, விசாரித்துச் சொல்லப்பா என்று.

அப்புறம் பஸ் பிடித்து மிட்செல் நூலகம். ஐரோப்பாவின் பெரிய பொது ஆய்வு நூலகங்களில் ஒன்று. பச்சைக் குவிமாடம் தூரத்திலிருந்தே தெரியும். பெண்கள் நூலகம் பிரிட்ஜ்டனுக்குப் போவதற்கு முன் இந்தக் கட்டடத்தில்தான் ஒண்டியிருந்தது. பின்பக்கம் சுற்றிப் போனால் முன்பக்கத்துக்குச் சம்பந்தமே இல்லாத பழைய தூண் வைத்த முகப்பு. அது செயின்ட் ஆண்ட்ரூஸ் மண்டபம். 1962இல் தீப்பிடித்து உள்ளே எல்லாம் எரிந்துபோனது, முகப்பு மட்டும் மிஞ்சி நூலகத்தோடு சேர்ந்துகொண்டது.

1914 மார்ச் 9ஆம் தேதி இந்த மண்டபத்தில் பெண்கள் ஓட்டுரிமை இயக்கத்தின் தலைவர் எம்மலின் பாங்கர்ஸ்ட் பேச வந்தார். உண்ணாவிரதத்தில் உடம்பு நலிந்தவர்களை வெளியே விட்டு, தேறியதும் மறுபடி பிடிக்கிற சட்டத்தின்கீழ் போலீஸ் அவரைத் தேடிக்கொண்டிருந்தது. டிக்கெட் வாங்கிக்கொண்டு பார்வையாளர் மாதிரியே உள்ளே வந்துவிட்டார். பேச்சு தொடங்கியதும் போலீஸ் மேடைமேல் ஏறப் பாய்ந்தது. மேடை ஓரத்துப் பூ அலங்காரத்துக்குள் முள்கம்பி சுற்றிவைத்திருந்தார்கள் பெண்கள். பூந்தொட்டி பறந்தது, நாற்காலி பறந்தது. கடைசியில் கைது செய்து கொண்டுபோனார்கள்.

எனக்கு அதைவிட நெருக்கமானது ஜெஸ்ஸி ஸ்டீபன் கதை. 1893இல் பிறந்தவர். கிளாஸ்கோவில் வீட்டு வேலை செய்த பெண். தன்னைப் போன்ற வேலைக்காரப் பெண்களைச் சேர்த்துச் சங்கம் கட்டியவர். ஓட்டுரிமைப் பெண்கள் தபால் பெட்டிகளில் அமிலம் ஊற்றிக் கடிதங்களை அழித்த 1913இல், அவரும் போய் ஊற்றினார். தொப்பியும் ஏப்ரனுமாக, வேலைக்காரி உடுப்பிலேயே. எஜமானி கடிதத்தைப் போட வந்தவள் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள், ஒருத்தரும் நின்று பார்க்க மாட்டார்கள். கண்ணில் படாத ஆள் என்று ஊர் ஒதுக்கிவைத்ததையே அவர் போர்வையாகப் போர்த்திக்கொண்டார். அடுத்தவர் கடிதத்தை எரித்தது சரியா என்று கேட்டால், ஒரு நூலகராக எனக்குக் காகிதம் அழிவது பிடிக்காது. ஆனாலும் அந்தப் பெண்ணின் தைரியத்தை நினைத்தால் நெஞ்சு நிறைகிறது.

இங்கே உட்கார்ந்து குறிப்பு எழுதும்போது இந்தக் கதையை நம் பக்கத்தோடு இணைக்கிற இழை ஒன்று கையில் தட்டுப்பட்டது. மார்கரெட் கசின்ஸ், அயர்லாந்துக்காரர். இதே இயக்கத்தில் இருந்து 1910இல் லண்டன் ஹாலோவே சிறைக்குப் போனவர். 1915இல் இந்தியாவுக்கு வந்தார். 1917 மே 8ஆம் தேதி சென்னை அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் தொடங்கியபோது முன்னின்றவர்களில் அவரும் ஒருவர், அன்னி பெசன்ட் தலைவர். அந்தச் சங்கம் ஊரூராகக் கிளை வைத்து ஓட்டுரிமை கேட்டது. 1921இல் சென்னை மாகாணம், மாகாணங்களில் முதலாவதாக, பெண் என்பதற்காக ஓட்டு மறுக்கக் கூடாது என்று தீர்மானித்தது. ஆண்களைப் போலவே சொத்து, வரி இருந்தவர்களுக்குத்தான் என்றாலும் அது பெரிய வாசல். 1927இல் முத்துலட்சுமி ரெட்டி சட்டமன்றத்துக்குள் போனது அந்த வாசல் திறந்த பிறகுதான். பிரிட்டனில் பெண்களுக்கு ஆண்களோடு சமமான ஓட்டுரிமை வந்தது 1928இல்.

மாதர் சங்கம் என்ற அந்தப் பெயர் அடையாற்றிலிருந்து எங்கள் வடக்குத் தெருவரை எந்த வழியாக நடந்து வந்தது? யார் முதலில் கூட்டம் கூட்டினார்கள், யார் வீட்டுத் திண்ணையில்? நோட்டின் முதல் பக்கத்தில் இருந்திருக்கும். நான் முதல் பக்கத்தை வாசிக்கவில்லை, கைநாட்டைத்தான் பார்த்தேன்.

மத்தியானம் வாட்ஸ்அப்பில் பதில் வந்தது. "அக்கா, ஆச்சி போய்ச் சேர்ந்து பதினஞ்சு வருஷம் ஆச்சு. வீட்ட வித்துட்டாவ. பேத்தி பாளையங்கோட்டையில டீச்சரா இருக்காவளாம். வீடு காலி பண்ணும்போது ரெண்டு டிரங்குப் பெட்டி அவங்கதான் கொண்டுபோனாவன்னு பக்கத்து வீட்டுல சொல்றாங்க. நம்பர் வாங்கித் தாரேன்."

திரும்பும் வழியில் பிரிட்ஜ்டனுக்குப் போய்ப் பென்சிலைத் திருப்பிக் கொடுத்தேன். புதன்கிழமை மறந்து பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தேன். வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். யாராவது பை கொண்டுவந்தால் என்னென்ன கேட்டு எழுதிக்கொள்வீர்கள் என்று மறுபடி ஒருமுறை கேட்டேன். அவர் சொல்லச் சொல்ல என் நோட்டில் தமிழில் எழுதிக்கொண்டேன். யாருடையது. அவர் ஊர், பிறந்த வருடம். எங்கே வைத்திருந்தார்கள். இதில் வரும் ஆட்களில் யார் இருக்கிறார்கள். யார் பார்க்கலாம், யார் பார்க்க வேண்டாம் என்று குடும்பத்துக்கு விருப்பம் ஏதாவது உண்டா.

இப்போது சாயங்காலம் ஏழு மணி. வெயில் இன்னும் சுவரில் இருக்கிறது, இந்த மாதத்தில் பத்து மணிக்குத்தான் இருட்டுகிறது. பத்து நிமிஷத்துக்கு முன் பேத்தியின் நம்பர் வந்தது. பாளையங்கோட்டையில் இப்போது இரவு பதினொன்றரை. நாளை ஞாயிற்றுக்கிழமை, டீச்சருக்கு லீவு. அங்கே விடிந்து காபி குடிக்கிற நேரத்துக்கு அலாரம் வைத்திருக்கிறேன்.